போனில் கொள்ளாத மிச்சம்

தனுஷ்கோடி வாங்கிய புது போன் தீப்பெட்டியை விடச் சின்னது என்பதால், அந்த அப்பார்ட்மென்ட்டில் இருந்த எண்பத்து நான்கு வீட்டுக்காரர்களின் குறைகளும் மறுநாள் காலையிலிருந்தே சின்னதாகிவிட்டன. யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. போனுக்குத் தகுந்த அளவில்தானே குறையும் இருக்க முடியும் என்று விட்டுவிட்டார்கள்.

அதற்கு முன் இரண்டு வருடம் அவன் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். அவன் அசோசியேஷன் செயலாளர். ஆசைப்பட்டு ஆனதில்லை. ஜெனரல் பாடி மீட்டிங்குக்கு எவன் வரவில்லையோ அவன் தலையில் அந்தப் பதவியைக் கட்டிவிடுவது அங்கே வழக்கம். அன்றைக்குத் தனுஷ்கோடி நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் படுத்திருந்தான். அவனை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்து, அவன் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை என்றும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள்.

அன்று பிடித்தது சனி. மோட்டார் ஓடவில்லை, மோட்டார் நிற்கவில்லை, லிஃப்ட் இரண்டாம் மாடியில் முனகுகிறது, சி பிளாக்கில் ஒருவர் வளர்க்கும் நாய் டி பிளாக்கைப் பார்த்துக் குரைக்கிறது. எல்லாம் அவன் போனுக்குத்தான் வந்தன. பழைய போன் பெரியது. அதற்குள் எண்பத்து நான்கு குடும்பமும் முழு உயரத்தில் நின்றன. அவன் குளிக்கப் போனால் கூடவே வந்து கதவுக்கு வெளியே வரிசையில் நின்றன. ஒருநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தபோது அவனுக்குத் தன் முகமே ஒரு புகார் மாதிரி தெரிந்தது. அன்று மாலையே கடைக்குப் போனான்.

கடைக்காரர் போனை இடுக்கியால் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"பெரிய போன்ல இருக்கறதெல்லாம் இதுலயும் இருக்கு சார். கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்" என்றார்.

தனுஷ்கோடிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. இத்தனை வருடத்தில் அவனிடம் யாரும் கொஞ்சமாகத் தருகிறேன் என்று சொன்னதில்லை.

போன் நன்றாகத்தான் உழைத்தது. சட்டைப் பையில் போட்டால் பையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. திரையில் ஒரு நேரத்தில் நான்கு சொற்கள்தான் தெரியும். குறை சொல்கிறவர்கள் இரண்டு நாளில் அதைப் புரிந்துகொண்டார்கள். பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த ஏ பிளாக் ரிட்டயர்டு எஞ்சினியர் 'மோட்டார். மறுபடியும். நான். வருத்தம்' என்று அனுப்பினார். படிக்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது.

பதில் போடுவது அதைவிடச் சுலபம். எழுத்துப் பலகை ஒரு பயறளவு இருந்தது. கட்டைவிரலை வைத்தால் எல்லா எழுத்தும் ஒரே சமயத்தில் அமுங்கும். எதை அமுக்கினாலும் 'சரி' என்றுதான் விழுந்தது. முதலில் அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு யோசித்துப் பார்த்தால், இரண்டு வருடமாக அவன் பத்து வரியில் எழுதிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

காப்பியை ஆறுவதற்கு முன் குடித்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி நேரம் தூங்கினான். செய்தித்தாளில் வரிவிளம்பரம் வரைக்கும் படித்தான். முகத்தில் சதை பிடித்தது.

சங்கடங்களும் இல்லாமல் இல்லை. அவன் தம்பிக்குக் குழந்தை பிறந்து படம் அனுப்பியபோது ஒரு காது மட்டும்தான் வந்தது. நல்ல காதுதான். 'சரி' என்று பதில் போட்டான். தம்பி அதற்கப்புறம் பேசவில்லை. எங்காவது போக வழி கேட்டால் மேப் அடுத்த இரண்டு அடியை மட்டும் காட்டும். அந்த இரண்டு அடியை நடந்து முடித்தால் அதற்கடுத்த இரண்டு அடி. ஆனாலும் வழி தப்பியதில்லை. மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும். அதையும் அவன் லாபக் கணக்கில்தான் சேர்த்திருந்தான்.

பெரிய சங்கடம் வேறு. நான்கு சொற்களுக்கு மேல் யாராவது எழுதினால், போனில் கொள்ளாத மிச்சம் வெளியே நின்றுவிடும். அது எங்காவது கிடந்துதானே ஆக வேண்டும். அனுப்பியவர் வீட்டு வாசலிலிருந்து பொது வராந்தாவில் நீளமாக, கறுப்பாக, தரையோடு தரையாகக் கிடந்தது. ஒரு சாண் அகலம். வார்த்தை வார்த்தையாக, தண்ணீர் பைப்பை இழுத்துப் போட்ட மாதிரி. பால் பாக்கெட் எடுக்க வருகிறவர்கள் இடறினார்கள். டி பிளாக்கில் ஒருவர் யாருடைய நன்றியுரையிலோ கால் தட்டி விழுந்து மணிக்கட்டு பிசகிக்கொண்டார்.

பொது வராந்தாவில் பொருள் வைப்பது விதிமீறல். செருப்பு ஸ்டாண்டு, சைக்கிள், துளசித் தொட்டி என்று அவன் ஏற்கெனவே எத்தனையோ பேரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறான். இதற்கும் அதே நோட்டீஸைத்தான் போட்டான். வராந்தாவில் கிடக்கும் செய்தி மிச்சங்கள் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அகற்றப்படும், அகற்றப்பட்டவை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டா. கீழே கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, நான்கு பிளாக்கிலும் ஒட்டச் சொன்னான். எந்தெந்த வாசலில் மிச்சம் கிடக்கிறது என்று ஒரு பட்டியலும் கூடவே வந்தது. அதில் பி-3 என்றும் இருந்தது. பி-3 அவன் வீடு. பட்டியலைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவனுக்கு அதற்குள் பழகியிருந்தது.

பி-3இல் அவனோடு இருந்தவள் பங்கஜவல்லி. கல்யாணமாகி இருபத்தோரு வருடம். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அதிகம் பேசுகிறவள் இல்லை. பேச வந்தாலும் இந்த இரண்டு வருடத்தில் தனுஷ்கோடி அவளுக்கும் மற்ற எண்பத்து மூன்று வீட்டுக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தான். எதுவானாலும் அசோசியேஷன் குரூப்பில் போடு என்பான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாலும் அவன் வாயிலிருந்து அதுவே வந்துவிடும். அவனே அதைக் கேட்டு ஒருமுறை திடுக்கிட்டதுண்டு. மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தபோது லிஃப்ட் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை, அவன் சொன்னபடியே, அவள் குரூப்பில் போட்டிருந்தாள். 'ஏங்க, டாக்டர் வியாழக்கிழமை வரச்' என்பது வரை தெரிந்தது. டாக்டர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். விஷயம் அவ்வளவுதான் என்று பட்டது. 'சரி' போட்டான். அவள் அதைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். 

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்தான். வீட்டில் அவள் இல்லை. காப்பி பிளாஸ்க்கில் இருந்தது. அலமாரியின் மேல் தட்டில் இருந்த துணிப் பை இல்லை. ஒரு செட் நைட்டியும் அவள் பல் தேய்க்கும் பிரஷ்ஷும் இல்லை. டாக்டரைப் பார்க்கப் போகிறவள் பிரஷ்ஷை எதற்கு எடுத்துப் போகிறாள் என்று அவன் பிரஷ் வைக்கும் காலி டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். 

கதவைத் திறந்தால் வாசலிலிருந்து அவளுடைய மிச்சம் கிடந்தது. 'சொல்லியிருக்கார்' என்று தொடங்கி நேராக வராந்தாவில் போனது. வராந்தா சாதாரணமாக இருபது அடி. அன்று அது முடியும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. செய்தி நீளமானால் வராந்தாவும் அதற்கு இடம் கொடுத்துத்தானே ஆக வேண்டும்.

துப்புரவு வேலை பார்க்கும் ஜெபமணி கையுறை மாட்டிக்கொண்டு வாசலில் குந்தியிருந்தாள். ஐம்பது வயதுக்காரி. விதி என்றால் விதி என்று நிற்பவள்.

"மணி ஒம்போது ஆயிடுச்சு சார். சுருட்டலாமா?"

கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். நோட்டீஸில் பொறுக்கச் சொல்லி இல்லையே என்றாள். அவன்தான் செயலாளர் என்பதை நினைவுபடுத்தினான். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டிருப்பதும் அவன்தான் என்பதை அவள் நினைவுபடுத்தினாள். பிறகு முதல் வார்த்தையின் நுனியைப் பிடித்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டத் தொடங்கினாள்.

வேறு வழியில்லை. அவன் முன்னால் நடந்துகொண்டே படித்தான். பின்னால் அவள் குதிகாலை ஒட்டிச் சுருட்டிக்கொண்டே வந்தாள். நின்று யோசிக்க முடியாது. திரும்பிப் படிக்கவும் முடியாது. ஒவ்வொரு வார்த்தையும் ஒரே ஒருமுறைதான் கிடைத்தது.

சொல்லியிருக்கார், கட்டியை எடுத்துடணுமாம், என்று போனது. பயப்பட ஒண்ணும் இல்லன்னு சொல்றார், ஆனா சொல்லும்போது என் முகத்தைப் பாக்கல, பேனாவைப் பாத்துக்கிட்டே சொல்றார். அங்கே வராந்தா இடதுபக்கம் திரும்பியது. அவர்கள் அப்பார்ட்மென்ட்டில் அப்படி ஒரு திருப்பம் கிடையாது. போன மாசம் குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுது. அன்னிக்கே உங்ககிட்ட சொல்ல வந்தேன். குரூப்புல போடுன்னீங்க. இதை எப்படிங்க குரூப்புல போடறதுன்னு இத்தனை நாள் இருந்துட்டேன்.

தனுஷ்கோடி நின்றுவிட்டான். ஜெபமணி அவன் முதுகில் லேசாகத் தட்டி நடக்கச் சொன்னாள்.

இருபுறமும் கதவுகள் வந்தன. அவன் பார்த்தே இராத வீடுகள். பி-40, பி-41, பி-112. எல்லா வாசலிலும் ஆட்கள் நின்று, நடந்து போகும் செயலாளரைப் பார்த்தார்கள். ஒருவர் அந்தச் சமயத்திலும் லிஃப்ட் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார். அவன் அடுத்த வார்த்தையைப் படித்தான்.

அப்புறம் யோசிச்சுப் பாத்தேன், உங்களுக்கும் பாவம் ஒரு நிமிஷம் ஓயறதில்ல. இந்தச் சின்ன போன் வாங்கினதுக்கப்புறம்தான் நீங்க தூங்கறீங்க. தூங்கும்போது பாக்க நல்லா இருக்கு. அதைக் கெடுக்க வேண்டாம்னுதான் நேர்ல சொல்லல. எனக்கு ராத்திரியில பயமா இருக்கு. ஃபேனைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன். வியாழக்கிழமை தண்ணித் தொட்டி கழுவ ஆள் வருதுன்னு தெரியும். நீங்க இல்லாட்டி அவங்க பாதியில போட்டுட்டுப் போயிடுவாங்க. இட்லி மாவு மூணாவது தட்டுல இருக்கு. கேஸ் புக் பண்ணியாச்சு.

இங்கே கொஞ்ச தூரம் வெறும் தரை. எழுத்து எதுவும் இல்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்த இடத்தைக் கடக்கத்தான் அவனுக்கு நிறைய நேரம் ஆயிற்று. அதையும் ஜெபமணி விடாமல் சுருட்டினாள்.

கடைசி வரி சுவரோரம் இருந்தது. நான் தனியாவே போயிக்கட்டுமா?

அதற்குக் கீழே, ஒரு எறும்பு நீளத்தில், அவனுடைய பதில் கிடந்தது.

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். அழுகை வந்தது. மறைக்கவில்லை. ஜெபமணி சுருளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டாள். அது நல்ல கனம் என்பது அவள் நின்ற நிற்பில் தெரிந்தது. அவள் முன்னால் இரண்டு கூடைகள் இருந்தன. ஒன்று பச்சை, ஒன்று நீலம்.

"சார், இது மக்குமா மக்காதா?"

 இந்தப் பதவிக்கு வந்த பிறகு அவனிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அவனுக்குச் சரியாகப் பதில் தெரிந்தது இது ஒன்றுதான்.

"மக்காது" என்றான்.

அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டுப் பார்த்தான். எக்காரணம் கொண்டும் என்று போட்டிருக்கிறதே என்றாள். அவள் குரலில் இரக்கம் இருந்தது. ஆனாலும் நீலக் கூடையில்தான் போட்டாள்.

வெளியே வந்து அவர்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியை மேப்பில் தேடினான். அடுத்த இரண்டு அடி தெரிந்தது. நடந்தான். அதற்கடுத்த இரண்டு அடி தெரிந்தது. ஆட்டோக்காரர்கள் இரண்டு அடிக்கெல்லாம் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதில் அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தொட்டி கழுவுகிறவர்களிடமிருந்து நான்கு நான்கு சொல்லாக வந்துகொண்டிருந்தது. பாதியில் போட்டுவிட்டுப் போகிறோம் என்பது கடைசியாக வந்தது. அவன் அதற்குச் சரி கூடப் போடவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு இரண்டு அடி இருக்கும்போது போன் அணைந்துபோனது. அந்த இரண்டு அடியை அவன் தானாகவே நடந்தான்.

மூன்றாம் மாடியில் ஆப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு. அதில் பங்கஜவல்லி உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப் பை. கழுத்தில் அட்டெண்டர் என்று எழுதிய பாஸ் தொங்கியது. அவளைப் பார்த்ததும் தனுஷ்கோடிக்கு உயிர் வந்தது. இன்னும் உள்ளே கூப்பிடவில்லையா என்று கேட்டான்.

"ஏழரைக்கே கூப்பிட்டாச்சு. உள்ளதான் படுத்திருக்கேன்" என்றாள்.

"அப்ப இங்க?"

"துணைக்கு ஒரு அட்டெண்டர் இல்லாம சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க. அதான் நானே வந்து உக்காந்திருக்கேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. காலை ஆறு மணியிலிருந்து இரண்டு இடத்தில் இருக்கிறவளுக்கு வேறு எப்படி இருக்கும். அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவன் உட்காரவில்லை. நேராக நர்ஸிடம் போனான். மேஜையில் பெரிய ரிஜிஸ்டரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மூத்த நர்ஸ் இருந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

நான் அவளுடைய வீட்டுக்காரர், நான்தான் அட்டெண்டர், பாஸை என் பேருக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டான்.

வீட்டுக்காரர் என்று ரிஜிஸ்டரில் கட்டம் இல்லை என்றார் நர்ஸ். பேஷன்ட், அட்டெண்டர், பார்வையாளர் என்று மூன்றே கட்டம். மாற்ற வேண்டுமானால் ஒரு கேள்வி கேட்பேன் என்றார்.

"பேஷன்ட் கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

தனுஷ்கோடி சொன்னான். சொல்லியிருக்கார் என்பதிலிருந்து தொடங்கினான். கட்டி, பேனா, குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது, குரூப், தூக்கம், ஃபேன், இட்லி மாவு, கேஸ். ஒருமுறை மட்டும் படித்தது ஒரு வார்த்தை தவறாமல் வந்தது. எழுத்து இல்லாத இடம் வந்தபோது அவன் அதே அளவு நேரம் பேசாமல் நின்றான். நர்ஸும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு கடைசி வரியைச் சொன்னான்.

நர்ஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

பொய் சொல்லலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. நீலக் கூடை இந்நேரம் லாரியில் ஏறியிருக்கும். அவன் பெஞ்சுப் பக்கம் பார்த்தான். பங்கஜவல்லி பையின் வாரைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"சரின்னு சொன்னேன்."

நர்ஸ் அதையும் எழுதினார். ஸ்கேல் வைத்து அடியில் ஒரு கோடு போட்டார்.

"அப்ப அவங்க தனியாத்தான் வந்திருக்காங்க. அட்டெண்டர் அவங்களேதான். நீங்க பார்வையாளர். நாலு மணிலேருந்து ஆறு மணி வரைக்கும்."

அவரிடம் வாதாடவில்லை. வாதாட என்ன இருக்கிறது. பெஞ்சு அட்டெண்டர்களுக்கு மட்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் கால் அவன் தோளில் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தது.  எதிர்ச் சுவரில் கடிகாரம் மணி மூன்றைக் காட்டியது. பிறகு வெகுநேரம் மூன்றையே காட்டியது. கடைசியில் ஒரு வார்டு பாய் வந்து திட்டியதும் நாலுக்குப் போனது.

அவன் எழுந்தபோது பங்கஜவல்லி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உள்ள போயி பாத்துட்டு வாங்க. நான் எப்படி இருக்கேன்னு வந்து சொல்லுங்க. இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க."

உள்ளே பங்கஜவல்லி பச்சைப் போர்வைக்கு அடியில் படுத்திருந்தாள். உதடு வறண்டிருந்தது. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நெற்றியில் பொட்டு இல்லாமல் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தாள். அவன் போய் நின்றதும் கண்ணைத் திறந்தாள். அவனை அடையாளம் தெரிந்தது. ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

வலிக்கிறதா என்று கேட்டான். கொஞ்சம் என்றாள். எடுத்துவிட்டார்களாம், பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம், இந்த முறை டாக்டர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாராம். அவன் அவள் கால் பக்கம் விலகியிருந்த போர்வையைச் சரியாக இழுத்துவிட்டான். மன்னிச்சுக்கோ என்றான். அவள் அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. எதையோ நினைவுபடுத்திக்கொள்வது போல விட்டத்தைப் பார்த்தாள்.

"வெளிய ஒருத்தி உக்காந்திருக்காளே" என்றாள். "காலைலேருந்து அவ பச்சைத் தண்ணி குடிக்கல. எனக்காவது டிரிப்ஸ் ஏறுது. அவளுக்கு எதாவது வாங்கிக் குடுங்க."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் ஆறு மணி வரைக்கும் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கீழே கேன்டீனுக்கு இறங்கினான். இரண்டு இட்லியும் ஒரு டீயும் வாங்கினான். சாம்பாரைத் தனியாகக் கட்டித் தரச் சொன்னான். இட்லி ஊறிப்போனால் அவளுக்குப் பிடிக்காது.

பெஞ்சில் இருந்தவள் பொட்டலத்தைப் பிரித்து அவசரமாகச் சாப்பிட்டாள். முதல் இட்லி முடியும் வரை நிமிரவே இல்லை. பிறகு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டும் என்றிருப்பதும், கேட்கப் பயமாக இருப்பதும் அவள் கண்ணில் தெரிந்தது. விரலில் ஒட்டிய சாம்பாரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் எப்படி இருக்கேன்?"

தனுஷ்கோடி தரையில் உட்கார்ந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்த இடத்திலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல், அவளிடம் சொல்லத் தொடங்கினான்.